அண்ணன் தம்பி அஞ்சு பேரு

ஏ பேராண்டி, பட்டணத்துல வேலை கிடைச்சிருச்சுன்னு கெடா வெட்டப் பாக்குறியே, சித்த உட்காரு. அங்க வேலை பாக்குறது லேசு. வேலைக்குப் போயிச் சேர்றதுதான் வேலை.

கோவில்பட்டியில ராத்திரி பஸ் ஏறுனா, விடியக்காலம் 'மெட்ராஸ் வந்திருச்சு, இறங்கு'ம்பாரு கண்டக்டர். இறங்கிப் பாத்தா கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில தொறந்தாக. நல்ல விசாலமான இடந்தான், நம்ம கண்மாய் கணக்கா. ஆனா அங்கருந்து மெட்ராஸுக்குப் போக இன்னொரு பஸ் ஏறணும். பழைய கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்.

21ஜின்னு ஒரு டவுன் பஸ் உண்டு. 'ஜி'ன்னா காந்திஜி மாதிரி மரியாதையாக்கும்னு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஏறினேன். ஏறினதும் ஒருத்தன் காலை மிதிச்சான். போகட்டும். அங்க கண்டக்டர் நம்மூரு மாதிரி நடந்து வரமாட்டாரு. பின்னால அவரு சீட்டுல ராசா கணக்கா இருப்பாரு. நீ ரூவாயைப் பக்கத்து ஆளுகிட்ட நீட்டி இறங்குற இடத்தைச் சொல்லணும். அது கம்ப்யூட்டர் பையன், பூக்காரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைன்னு கை மாறிப் போயி, டிக்கெட்டும் மீதிச் சில்லறையுமா அதே வழியில திரும்பி வருது. இங்க என் மச்சினனுக்குக் குடுத்த கைமாத்து நாலு வருசமா வரல. நான் சில்லறையை மூணு தடவை எண்ணிப் பாத்தேன். சரியா இருந்துச்சு.

உங்க அப்பத்தாளுக்கு அந்தச் செலவும் இல்ல. 2021லருந்து சாதா பஸ்ஸுல பொம்பளைகளுக்கு ஓசி. எனக்கு மட்டும் டிக்கெட் எடுக்கும்போது அவ பாத்த பார்வை இருக்கே!

பஸ்ஸை விட சென்ட்ரல் ரயிலடிதான்டா கூத்து. பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி அஞ்சு பேரு ஒரே வளவுல தனித்தனி அடுப்பு வச்சிருக்காக. ஊருக்குப் போற ரயிலுக்கு சென்ட்ரல். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி போக அதை ஒட்டி மூர் மார்க்கெட். தாம்பரம் போகணும்னா ரோட்டைத் தாண்டி பார்க். வேளச்சேரி போகணும்னா பார்க் டவுன். அது வேற, பார்க் வேற, மாத்திப் போயி நின்னுறாத. கரண்டு ரயிலுல தாம்பரத்துக்காரன்தான் மூத்தவன், நான் பொறக்குமுன்னயே, 1931லயே கரண்டுல ஓடினவன். வேளச்சேரிக்காரன் 1995ல வந்த பறக்கும் ரயிலு. அது பறக்கும், படியில நீதான் ஏறணும். கடைக்குட்டி மெட்ரோ, 2015ல பொறந்தவன், ஏசி போட்டுக்கிட்டுப் பூமிக்கடியில படுத்திருக்கான்.

ஊருக்குப் போற ரயிலைத் தவிர மத்த எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டுன்னு 2025ல 'சென்னை ஒன்'னு செல்போன்ல ஒண்ணு விட்டிருக்காக. பந்திச் சீட்டு ஒண்ணாயிருச்சு. அடுப்பு அஞ்சுதான். ஒரு அடுப்புலருந்து இன்னொரு அடுப்புக்கு நடராசா சர்வீஸ்தான்.

தைக்கு நானும் வாரேன். கிளாம்பாக்கத்துக்கு வந்து நில்லு. வரும்போது எனக்கு ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கிட்டு வா, ஒம்போது நம்பர்.