பலாப்பழமும் ஈர்ப்பு விதியும்

கேள்வி: நியூட்டன் தலையில் ஆப்பிளுக்குப் பதில் பலாப்பழம் விழுந்திருந்தால்?

பதில்: நியூட்டன் பிழைத்திருக்க மாட்டார், ஈர்ப்பு விதி பிழைத்திருக்கும். ஆப்பிள்கூட அவர் தலையில் விழுந்ததற்குச் சான்றில்லை. விழக் கண்டு யோசித்ததாக முதுமையில் தன் நண்பர் ஸ்டக்லியிடம் சொன்னார், அவ்வளவுதான். உண்மையில் வேலை செய்தது கணக்கு. நிலா பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. தொலைவின் வர்க்கத்துக்கேற்ப ஈர்ப்பு குறைவதால் அங்கே அது 3,600-இல் (60 × 60) ஒரு பங்கு. ஒரு நொடியில் ஆப்பிள் 4.9 மீட்டர் விழுந்தால், நிலா பூமியை நோக்கி விழுவது சுமார் 1.4 மில்லிமீட்டர்! 'அவர் இல்லாவிட்டால் வேறு யாருக்கு இது தோன்றியிருக்கும்?' என்பீர்கள். ஈர்ப்பு இப்படி வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்று ஹூக், ஹாலி, ரென் ஆகிய ஆங்கில அறிஞர்கள் மூவருமே 1684-இல் ஊகித்திருந்தார்கள். நிறுவிக் காட்டத்தான் முடியவில்லை. ஹாலி கேம்பிரிட்ஜ் வரை போய் நியூட்டனிடம் கேட்டு, விடாமல் தூண்டியதால்தான் 1687-இல் அவருடைய 'பிரின்சிப்பியா' நூல் வெளிவந்தது. அச்சுச் செலவையும் ஹாலியே ஏற்றுக்கொண்டார்.