மழையில் ஒரு மலை

மார்கழித் தூறலில் திருத்தணி மலை ஏற ஆசை. வழுக்கினால் என்ன செய்வது, பசித்தால் எங்கே போவது?
(ஒரு வாசகர், அரக்கோணம்)

நாளுக்கு ஒரு படி வீதம் மொத்தம் 365. ஒரு வருஷத்தையே தாண்டி வந்தவருக்கு இது எம்மாத்திரம்? டிசம்பர் 31 இரவே வாருங்கள். புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளுக்கு சலாம் போடப் போனவர்களை, 'தணிகை துரையான முருகனைப் பாருங்கள்' என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அதனால் அன்று இரவு படிக்குப் படி கற்பூரம், திருப்புகழ்! பசியா? 2021 முதல் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம்.

மஞ்சள் குங்குமம் பூசிய படி நனைந்தால் வழுக்கும். இறங்கும்போது நிதானம். வயதானவர்கள் உடன் வந்தால், மேலே வரை சாலை இருக்கிறது. வண்டியிலேயே அழைத்துப் போங்கள்.