குதிரைக்கு மட்டும் முகம்

மெரினாவில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வரைபலகையோடு உட்கார்ந்து பாருங்கள். சென்னை நகரமே உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலைத்தானே பார்ப்பார்கள்? ஆனால் அக்கா கேட்டது வேறு. "நாலு பேரு சிரிச்சுக்கிட்டு இருக்கணும், ஒரு குதிரை, ஒரு நாய், பார்த்தாலே மனசு நிறையணும்." புது வீட்டு ஹாலுக்காம். சோபா மெரூன் கலர் என்பதையும் நான் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

முதுகில் சிரிப்பை எப்படி வரைவது?

எனக்கு முகம் காட்டியவர்களும் உண்டு; அத்தனையும் பிராணிகள். ஒரு நாய் எதிரே வந்து உட்கார்ந்தது. காசுக்கு வருகிற மாடல்கூட அப்படி அசையாமல் இருக்கமாட்டார். அதன் பார்வை முழுக்க என் மடியிலிருந்த தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் மேல். பொட்டலம் காலியானதும் எழுந்து போய்விட்டது. படத்தில் ஒரு காது பாக்கி. காக்கைகளிடம் அந்த நாணயம்கூடக் கிடையாது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு பறந்துவிடும்.

அடுத்த தொல்லை தொடுவானம். அது எப்போதும் வரைபவனின் கண்மட்டத்தில்தான் இருக்கும். நின்றுகொண்டு வரைந்தால், சமமான மணலில் பக்கத்தில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டில் வந்து சேரும். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஊரே வரிசையாகத் தொங்கும். உட்கார்ந்து வரைந்தால் கோடு இறங்கிவிடும், ஆட்கள் வானத்துக்குள் நிமிர்ந்து நிற்பார்கள். நான் உட்கார்ந்தே வரைந்தேன். இதற்குக் கலைக் காரணம் எதுவும் இல்லை, முழங்கால் வலிதான்.

நடுவில் மாமா போன் செய்தார். "சூரியன் கடல்ல இறங்குற மாதிரி போட்டுடு, நல்லாருக்கும்."

வங்காள விரிகுடா நமக்குக் கிழக்கே இருக்கிறது. மெரினாவில் சூரியன் இறங்குவது திருவல்லிக்கேணிப் பக்கம் என்று விளக்கினேன். "அப்ப இதைக் கன்னியாகுமரின்னு வச்சுக்க" என்றார். வெயில் பின்னாலிருந்து வந்ததால் நிழல்கள் கடலை நோக்கி நீண்டன. அந்த மஞ்சள் வெளிச்சத்தை முழுசாக வாங்கிக்கொண்டவை முதுகுகள்தான். நிழலுக்குக் கறுப்பைத் தொடவே கூடாது. வெயில் படும் மணலில் நிழல் நீலமும் ஊதாவுமாகத்தான் விழும்.

மோனே 1870 கோடையில் பிரான்ஸின் த்ரூவில் கடற்கரையில் தீட்டிய படமொன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஈரச் சாயத்தில் வந்து ஒட்டிய மணல் துகள்கள் இன்னும் அதில் உண்டு. ஆள் கரையிலேயே உட்கார்ந்துதான் வரைந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. என் படத்தை ஆராய வருபவர்களுக்கு மணலோடு ஒரு மாங்காய்த் துண்டும் கிடைக்கும். மோனேவுக்கு இன்னொரு கொடுப்பினையும் இருந்தது. மனைவி கமீல் குடையோடு உட்கார்ந்து முகம் காட்டினார். என் மனைவி "இதோ வந்துடறேன்" என்று மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனாள். கடை முன்னால் இருந்த கும்பலில் அவள் முதுகை மட்டும் அடையாளம் கண்டுபிடித்தேன்.

குதிரைக்கு வருவோம். ஓடும் குதிரையின் நாலு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கவிட்டவர்கள் ஐரோப்பாவின் பெரிய ஓவியர்கள். 1878இல் மைபிரிட்ஜ் அடுத்தடுத்துப் போட்டோ எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: நாலும் தரையை விடுவது, கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது. மெரினாக் குதிரை இந்தச் சிக்கலை வைப்பதில்லை. மேலே இருக்கும் பையன் எவ்வளவு கத்தினாலும் அது ஓடாது. இருந்தும் எனக்குக் கால் படியவில்லை. நுரையில் முழங்கால் வரை இறக்கி நிறுத்திவிட்டேன்.

பெரிய அலை ஒன்று வந்தது. மொத்தக் கூட்டமும் வீறிட்டுத் திரும்பி ஓடிவந்தது. அத்தனை முகம், அத்தனை பல்! தூரிகையை நனைப்பதற்குள் எல்லோரும் மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். சரி, முதுகையே போடுவோம் என்று உற்றுப் பார்த்தேன். ஒரு பாட்டி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்; அலை தொடும் முன்பே அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. பக்கத்தில் ஒரு தாத்தா, கட்டிய பெண்டாட்டியின் கையை ஊரறியப் பிடித்துக்கொள்ள அலையைச் சாக்காக வைத்திருந்தார். இவர்களுக்கு முகம் எதற்கு?

படம் முடியும் நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரே கூட்டம். பலூன் சுடும் கடைக்காரருக்கு, தன் போர்டில் எழுத்து இல்லையே என்று வருத்தம். குதிரைக்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"போட்டோ எடுத்தாலே அம்பது ரூபா சார். நீ இன்னா, அப்பலேர்ந்து எடுத்துக்கினே கீற?"

கையில் அவ்வளவு சில்லறை இல்லை என்றேன். குனிந்து படத்தை நன்றாகப் பார்த்தார்.

"கால் எங்க சார்?"

"தண்ணிக்குள்ள இருக்கு."

"கால் போடலல்ல? அப்ப பாதி துட்டு குடு, போதும்."