11-ம் எண் கூண்டுக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய துறைமுகப் பாதுகாவலர் அவர்கள் சமூகத்துக்குத் தோணிக்காரன் ஒருவன் கும்பிட்டு எழுதிக்கொள்வது:

தங்கள் அலுவலகக் கடிதம் சென்ற வாரம் கிடைக்கப்பெற்றோம். முகத்துவாரத்தில் மூழ்கிக் கிடக்கிற படகில் இடித்து எங்கள் தோணியின் சுக்கான் உடைந்ததை எழுதியிருந்தோம். 'மூழ்கிய படகின் உரிமையாளர் பெயர், முகவரி, சம்மதக் கடிதத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்' என்று பதில் அருளியிருக்கிறீர்கள். எங்கள் தண்டல் அதைப் படித்துச் சிரித்துவிட்டார். வயதானவர், மன்னித்தருள வேண்டும்.

புயல் வந்தால் தாங்கள் கூண்டு ஏற்றுகிற சுறுசுறுப்பு ஊரறிந்தது. 11-ம் எண் கூண்டு ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டதாக அர்த்தமாம். அதைத் தங்கள் அலுவலக வாசலில் நிரந்தரமாக ஏற்றிவைத்தால் எங்களுக்குப் பஸ் செலவாவது மிஞ்சும்.

வெள்ளைக்காரன் 1908-இல் போட்ட இந்தியத் துறைமுகச் சட்டத்தின் 14-ம் பிரிவைப் படித்துப் பார்த்தோம். துறைமுக எல்லைக்குள் மூழ்கிய கலம் போக்குவரத்துக்கு இடைஞ்சலானால், உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் பாதுகாவலர். உரிமையாளர் அதன்படி செய்யாவிட்டால் பாதுகாவலரே தூக்கி அப்புறப்படுத்தலாம், விற்றுச் செலவை எடுத்துக்கொள்ளலாம். ஆளைத் தேடிப் பிடித்துத் தருவது தோணிக்காரன் வேலை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நாடாளுமன்றம் 2025-இல் புதுத் துறைமுகச் சட்டமே நிறைவேற்றிவிட்டது. தங்கள் மேசைக்கோ 1908-ஆம் ஆண்டுச் சட்டமே இன்னும் வந்து சேரவில்லை. 11-ம் எண் கூண்டு, வேறென்ன!

கரையில் 50 கெஜம் வரைக்கும்கூடத் துறைமுக எல்லை நீளலாம் என்கிறது அதே பழைய சட்டம். அந்த 50 கெஜத்துக்குள் கிடந்த டீக்கடை பெஞ்சைத் தூக்கத் தங்களுக்கு அரை நாள் போதுமாயிருந்தது. அதற்கு யாருடைய சம்மதக் கடிதமும் கேட்டதாகத் தெரியவில்லை.

கட்டணம் மட்டும் தவறாமல் வாங்குகிறீர்களே, எதற்கு ஐயா? ராத்திரி அலையில் தோணி கவிழ்ந்து ஆள் செத்தால், பொண்டாட்டி பிள்ளைகளிடமும் சம்மதக் கடிதம் கேட்பீர்களா? வெட்கமாக இல்லையா?

பொறுத்தருள்க. உப்புக்காற்றில் நாக்கு கொஞ்சம் தடித்துவிட்டது. தங்கள் கருணையில் எங்களுக்கு ஐயமில்லை. அதற்கும் எங்களுக்கும் இடையில் 11-ம் எண் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

படகைத் தூக்க நாளாகும் என்றால், வாடைக்காற்று தொடங்குமுன் அந்த இடத்தில் விளக்கோடு ஒரு மிதவையாவது போடச் சொல்லுங்கள். பணமில்லை என்றால் எங்கள் கட்டண ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள்.