ஏற்கெனவே வந்தவர்

குடும்பமாகக் கொச்சிக்குக் கிளம்பும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் ஏற்கெனவே அங்கே போய்வந்தவராக இருப்பார். எப்போது போனார், எதற்குப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. தோண்டித் துருவினால், தொண்ணூறுகளில் யாருடைய கல்யாணத்துக்கோ போய், மழை விடாததால் லாட்ஜிலேயே படுத்திருந்துவிட்டு ரயிலேறிய கதை வெளியே வரும். ஆனாலும் டிக்கெட் போட்ட நாளிலிருந்து அவர்தான் தலைவர். "கொச்சின்தானே? விடு, நான் பார்த்துக்கறேன்."

ஆளை அடையாளம் காண்பது எளிது. கூட்டத்துக்குப் பத்தடி முன்னால் நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். திடீரென்று நின்று இடுப்பில் கை வைத்து நான்கு திசையும் பார்ப்பார். வழி தவறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். வழி வாயிலே என்பார்கள். அவருக்கும் வாய் உண்டு, ஆனால் அதை வழி கேட்கப் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை.

முதல் சோதனை ரயிலிலேயே வந்துவிடும். கொச்சிக்குப் போகிறவர்கள் இறங்க வேண்டியது எறணாகுளத்தில். அதிலும் டவுன், ஜங்ஷன் என்று இரண்டு நிலையங்கள். ஊர்க்காரர்களுக்கு அவை நார்த், சௌத். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் வண்டிக்கு நார்த் முதலில் வரும். 'எறணாகுளம்' என்ற எழுத்து ஜன்னலில் தெரிந்ததும், "இறங்கு, இறங்கு, ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்" என்று பெட்டி, படுக்கை, பாட்டி உட்பட அத்தனையையும் இறக்கிவிடுவார். அறை எடுத்திருப்பது சௌத்துக்கு எதிரே.

"பெரியப்பா, இன்னொரு ஸ்டேஷன் இருக்காமே" என்பாள் கல்லூரியில் படிக்கும் தம்பி மகள், கையில் போனோடு.

"அது சின்ன ஸ்டேஷன்மா."

வெளியே வந்ததும் அவள் மெட்ரோவில் போகலாம் என்பாள். "மெட்ராஸ்னு நினைச்சியா? இங்க ஏது மெட்ரோ?" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் தலைக்கு மேலே ஒரு ரயில் போகும். 2017-ல் ஓடத் தொடங்கி, இன்று ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை 25 நிலையங்களோடு நீண்டிருக்கும் ரயில். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சீன வலை, யூதத் தெரு, டச்சு அரண்மனை என்று வெளியூர்க்காரர்கள் பார்க்க வரும் எதன் பக்கமும் அந்த ரயில் போவதில்லை. ஆபீஸ் போகிறவர்களுக்காகப் போட்ட தண்டவாளம் அது.

இந்த ஊரின் விவகாரமே தனி. மற்றப் பெருநகரங்கள் தரையில் பரந்து கிடக்கின்றன. இது தண்ணீருக்கு அக்கரையும் இக்கரையுமாகச் சிதறிக் கிடக்கிறது. கிழக்கே எறணாகுளம், நடுவில் காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ உண்டாக்கிய வில்லிங்டன் தீவு, மேற்கே மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும், முகத்துவாரத்துக்கு வடக்கே வைப்பின். எல்லாம் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதால் பக்கம் என்று நம்பிவிடுகிறோம். தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு பகல் ஆகும் ஊர் இது.

அவர் கூட்டத்தைப் படகுத் துறைக்கு அழைத்துப் போவார். எந்தப் படகுத் துறை என்பதுதான் கேள்வி. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஹைக்கோர்ட் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. முதன்முதலாக ஓடிய தடமே ஹைக்கோர்ட் – வைப்பின்தான். மின்சாரத்தில் ஓடும், ஏசி, சத்தமே இல்லாத படகு. "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று ஒதுக்கிவிட்டு, சுபாஷ் பார்க்கை ஒட்டிய மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய ஜெட்டிக்கு எல்லோரையும் நடத்திக்கொண்டு போவார். கவுண்டரில் கட்டணம் கேட்டு அதிர்ச்சி. "போன தடவை ரெண்டு ரூபாதானே?" இன்றைக்கும் அது டீயைவிட மலிவான பயணம்தான். ஆனாலும் பின்னால் வரிசை நீள நீள, ரெண்டு ரூபாய்க்கான வாதம் நடக்கும்.

மட்டாஞ்சேரியில் அவர் வகுத்த நிரல் கச்சிதமானது. வெள்ளிக்கிழமை அரண்மனை, சனிக்கிழமை சினகாக். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568-ல் கட்டிய பரதேசி சினகாக் சனிக்கிழமை திறப்பதில்லை. இரண்டு பூட்டுகளின் முன்னாலும் சொற்பொழிவு உண்டு. "டச்சுக்காரன் கட்டினது. சுவத்தைப் பாரு, அந்தக் காலத்து வேலை!" 1555-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுதுபார்த்தவர்கள். அதைச் சொல்லக்கூடிய பலகைகள் பூட்டுக்கு உள்ளே இருப்பதால் அன்று அவரை மறுக்க ஆளில்லை.

அவருடைய மலையாளத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ் வாக்கியத்தை மூக்கால் தொடங்கி 'ஆணு' என்று முடித்தால் மலையாளம் என்பது அவர் இலக்கணம். டீக்கடையில், "சேட்டா, ஆறு சாயா வேணும் ஆணு, சக்கரை கம்மி ஆணு" என்பார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார், எங்க வீட்லயும் தமிழ்தான்" என்பார். இதில் ஆச்சரியமே இல்லை. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் இருக்கும் தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தார். மட்டாஞ்சேரிச் சந்துகளில் குஜராத்தி, கொங்கணி, தமிழ் எல்லாம் காதில் விழும். அவர் மட்டும் விடமாட்டார். "நல்லா தமிழ் பேசறியே, எங்க கத்துக்கிட்டே?" என்று தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்.

இவ்வளவு தூரம் தப்பாகவே போய்க்கொண்டிருந்த மனிதருக்கு ஃபோர்ட் கொச்சிக் கரையில் ஒரு திருப்பம் காத்திருக்கும். செராய் பீச் போக வேண்டும். அது வைப்பின் தீவில். எதிர்க்கரையில் வைப்பின் தெரிகிறது, ஆள் நடமாட்டம்கூடத் தெரிகிறது. தம்பி மகளின் போனோ கார் வழியைக் காட்டுகிறது. தோப்பும்படி, வில்லிங்டன் தீவு, தேவரா, எறணாகுளம், அப்புறம் 2004-ல் திறந்த கோஸ்ரீ பாலங்கள் வழியாக போல்காட்டி, வல்லார்பாடம், கடைசியில் வைப்பின். ஊரையே ஒரு பிரதட்சணம் வந்து, இதோ தெரிகிற இடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல்.

"ஒரு மணி நேரம் காட்டுது பெரியப்பா."

அவர் சிரிப்பார். "அதை உள்ள வை. இங்கேருந்து போட்டு இருக்கு. அஞ்சு நிமிஷம்."

இருக்கிறது! அவர் காலத்துப் படகு இல்லை. 2018-ல் மாநகராட்சிக்காக ஓடத் தொடங்கிய ரோ-ரோ, பெயர் சேதுசாகர். காரும் பைக்கும் மீன் கூடையும் மனிதர்களுமாக ஒரே தளத்தில் ஏறிக்கொள்ளும். ஊரார் பழைய வழக்கப்படி ஜங்கார் என்பார்கள். படகு மாறியிருக்கலாம், பாதை மாறவில்லை. பாலங்களையும் மெட்ரோவையும் கொண்டுவந்து இவரை முட்டாளாக்கிய அதே ஊர் இந்த ஒரு இடத்தில் அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. அக்கரை சேர்வதற்குள் அவர் உயரமே கூடியிருக்கும். "மெஷினை நம்பாதே, அனுபவத்தை நம்பு" என்று மச்சினனின் தோளில் கை போடுவார். "கரெக்ட்தான் அத்தான்" என்று அவரும் சொல்லித் தொலைப்பார். அதுவரை வாங்கிய அடிகளையெல்லாம் அந்த ஐந்து நிமிடம் துடைத்துவிடும். இனி அவரைப் பிடிக்க முடியாது.

வைப்பின் மண்ணில் கால் வைத்ததும், "எல்லாம் அப்படியே இருக்கு" என்பார். தீவின் சரித்திரமோ மாறிக்கொண்டே இருந்த சரித்திரம். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்து, வண்டல் சேர்த்து இந்தத் தீவை வளர்த்தது என்பார்கள். அந்த ஆண்டிலிருந்து தொடங்கும் 'புதுவைப்பு' என்ற ஆண்டுக் கணக்கே இருந்தது. இப்போது எரிவாயு முனையம், வல்லார்பாடத்துக் கன்டெய்னர் கிரேன்கள் எல்லாம் கண்முன்னே நிற்கின்றன. எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

"செராய் எங்கங்க?" என்பார் மனைவி.

"இப்படியே ஓரமா நடந்தா வந்துடும்."

தீவின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். செராய் கிட்டத்தட்ட மறுகோடியில். பாட்டிக்கு மூட்டுவலி, அவள்தான் முதலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்பாள். வேறு வழியில்லாமல் முனம்பம் போகும் பஸ். வைப்பின் பஸ்களில் ஏறியவர்களுக்குக் கம்பியைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த வேகமே கற்றுக்கொடுத்துவிடும். இந்தத் தீவின் பஸ்கள் நகருக்குள் நுழைய அனுமதி இல்லாமல் ஹைக்கோர்ட் சந்திப்போடு பல காலம் நின்றவை. பாலம் வந்த பிறகும் தீவுக்காரர்கள் அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தார்கள். அந்தக் கோபத்தை ஓட்டுநர்கள் வழியில் வரும் ஞாறக்கல்லில் காட்டுகிறார்களோ என்று தோன்றும்.

"செராயி, செராயி!" என்று கண்டக்டர் கத்துவார். மச்சினன் எழுந்திருப்பார்.

"உட்காரு. ஊர் வேற, பீச் வேற. நான் சொல்லும்போது இறங்கு."

பஸ் செராயைத் தாண்டும். போர்ச்சுக்கீசியர் 1503-ல் கோட்டை கட்டிய பள்ளிப்புறத்தையும் தாண்டும். கண்டக்டர் வந்து மிச்ச தூரத்துக்கு டிக்கெட் கேட்பார். "டிக்கெட்டை ஏத்திட்டானுக" என்று முனகிக்கொண்டே கொடுப்பார். தீவு முடிகிற இடத்தில் பஸ்ஸும் நின்றுவிடும். கொஞ்சம் விசாரித்து (விசாரித்தது மனைவி) கொஞ்சம் நடந்தால் கடல். கரையில் கருங்கல் கொட்டிய முட்டு, தள்ளி மீன்பிடிப் படகுகள். குழந்தைகள் செருப்பை வீசிவிட்டு ஓடுகின்றன. கடல் கடல்தானே.

"சொன்னேன் பாரு, இதான் செராய்."

பக்கத்துப் பலகையில் மலையாளத்தில் முனம்பம் என்று எழுதியிருக்கிறது. கூட்டத்தில் யாருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது. அவர் நிதானமாக, எழுத்துக் கூட்டுகிற பாவனையில் உதட்டை அசைத்து, "செ... ராய்... னு போட்டிருக்கு" என்பார். தம்பி மகள் போனைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்பாள். சரி என்று பலகை விழாத மாதிரி ஒரு படம் எடுத்து, 'செராய் பீச்சில் பெரியப்பாவுடன்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவாள்.

ஒரு நிமிடத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சித்தப்பா பதில் போடுவார்: "இது செராய் இல்ல, ஆலப்புழை. நான் போயிருக்கேன்."