சிக்மா வந்தால்தான் வேலை

கேள்வி: ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எதைப் படிப்பது, எங்கே தொடங்குவது என்று பாக்டீரியாவுக்கு யார் சொல்வது?

பதில்: சிக்மா என்ற புரதம். 1969இல் கண்டறியப்பட்டது. மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி கெட்டிக்கார எழுத்தர்தான். ஆனால் எழுத்தை எங்கே தொடங்குவதென்று தெரியாது. சிக்மா ஒட்டிக்கொண்டதும், மரபணுத் தொடக்கத்துக்குச் சுமார் 35, 10 எழுத்துகள் முன்னே இருக்கும் அடையாளங்களைப் பிடித்து, டி.என்.ஏ. இழைகளைப் பிரித்துக் கொடுக்கிறது. பாலிமரேஸ் ஓட்டம் பிடித்ததும் சிக்மா பெரும்பாலும் கழன்றுகொள்ளும்.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடம் 7 சிக்மாக்கள். அன்றாடத்துக்கு சிக்மா 70. சூடு ஏறினால் சிக்மா 32 வந்து, குலைந்த புரதங்களைச் சீராக்கும் மரபணுக்களை எழுப்பும். மூளையே இல்லாத உயிர் சில நிமிடங்களில் ஆளை மாற்றிவிடுகிறதே, அங்கேதான் அசந்துபோகிறேன்! இந்த எழுத்தரை முடக்கும் மருந்தும் உண்டு: காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதே பாலிமரேஸின் பீட்டா துணையலகில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆர்.என்.ஏ. இரண்டு மூன்று எழுத்தோடு நின்றுவிடும்.