சாணிப்பாலும் கிராம்சியும்

கேள்வி: கிராம்சி, அடார்னோ என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்கள். நம் நெல்வயலுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: மன்னார்குடியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும் சாணியைக் கரைத்த சாணிப்பாலைப் புகட்டுவதும் கூடாது என்று 1944இல் ஒப்பந்தம் போட்டது உங்கள் ஊரில்தானே?

அடார்னோவை விடுங்கள், வானொலியும் சினிமாவும் மனிதரை என்ன செய்கின்றன என்பது அவர் கவலை. இத்தாலிய மார்க்சியரான கிராம்சி நமக்கு நெருக்கம். ஆள்கிறவர்கள் தடியால் மட்டும் ஆள்வதில்லை, ஆளப்படுகிறவரின் சம்மதத்தையும் வாங்கிவிடுகிறார்கள் என்று முசோலினியின் சிறையிலிருந்து எழுதினார். 'அடி வாங்குவது என் தலையெழுத்து' என்று பண்ணையாள் நம்பும்வரை பண்ணையாரின் சவுக்குக்குப் பாதி நாள் ஓய்வுதான். தென் கன்னடத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943 முதல் சேரி சேரியாகப் போய் உடைத்தது அந்த நம்பிக்கையைத்தான். அடித்தால் திருப்பி அடிக்கச் சொன்னார். அப்போது கிராம்சியின் சிறைக்குறிப்புகள் இத்தாலியிலேயே அச்சேறவில்லை!

சம்மதம் போனதும் பண்ணையார்கள் தீயைக் கையில் எடுத்தார்கள். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி: கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

கேத்லீன் கஃப் என்ற மார்க்சிய மானிடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தவர். அவரையும் படியுங்கள். சாதியை ஒதுக்கிவிட்டு இந்த மண்ணில் வர்க்கம் பேச முடியாது என்பது விளங்கும்.